ஓலை கழற்றிய வீடு

அம்மாவுக்கு வெயில்மேல் இருந்த பகை சாதாரணமானதல்ல. வெயிலுக்கென்றே பேர்போன ஒரு கடற்கரையில் வந்து குடியேறிவிட்டு, பத்து வயதுப் பையன் வெயில் படாமல் வளர வேண்டும் என்று பிரயாசைப்பட்டாள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என் முகத்தில் பவுடர் அப்புவாள். நான் அப்பாவின் நிறம். நாகர்கோவில் பக்கத்துக் குளக்கரைகளில் செயின் பிடித்து நிலம் அளந்தே அப்பா அந்த நிறத்துக்கு வந்தார், பிறவியில் அப்படி இல்லை என்று அம்மா சொல்வாள். அப்பாவின் சிறுவயதுப் புகைப்படம் ஒன்று எங்கள் பெட்டியில் இருந்தது. அது அவள் சொன்னதை ஆதரிக்கவில்லை.

"கறுத்துக் கரிக்கட்டையா ஊருல போய் எறங்கினா, ஒனக்க அத்தைமாரு என்னத்தான்லே சொல்லுவாளுவ. புள்ளைய வளத்த லெச்சணத்தப் பாருன்னு."

இப்போது நான் ஷார்ஜாவில், முவைலாவில், மகன் வீட்டில் இருக்கிறேன். எழுபதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகின்றன. அப்பாவைப் போலவே நானும் படித்து, நிலஅளவைத் துறைக்கே வந்து, இந்தக் கரையின் ஊர்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நான் சொல்லப்போவது நடந்த ஊரின் பெயர் இங்கே வராது. ஊர் செய்ததை ஊர் பார்த்துக்கொள்ளட்டும். நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன். இதை என் மனைவியிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா அந்த ஊர் நகராட்சியில் சர்வேயர். பெட்ரோல் அப்போதுதான் பணமாக மாறத் தொடங்கியிருந்தது. தார்ச்சாலை ஒன்றே ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வியாபாரியின் கல் கிடங்கு. அதைத் தாண்டினால் கடலை ஒட்டிப் பேரீச்ச ஓலைத் தட்டிகளால் கட்டிய எண்பது, தொண்ணூறு வீடுகள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கறுப்பர்கள். அரபி பேசுவார்கள், தொழுவார்கள், அந்தக் கரையிலேயே பிறந்தவர்கள். அவர்களுடைய தாத்தாக்களை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மரக்கலங்களில் ஏற்றிவந்து, முத்துக் குளிக்கவும் பேரீச்சந்தோப்புக்குத் தண்ணீர் இறைக்கவும் விற்றிருந்தார்கள். அந்த வீடுகளைத் தாங்கி நின்ற கழிகளும் அதே கரையின் அலையாத்திக் காடுகளில் வெட்டி, அதே மாதிரிக் கலங்களில் வந்தவைதான். ஆளும் கழியும் ஒரே வழியாக வந்து ஒரே மண்ணில் நடப்பட்டார்கள் என்று பின்னாளில் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தத் தெருவுக்கு நான் போகக் கூடாது என்பதுதான்.

"காப்பிரிப் பயலுவகூட மண்ணுல பொரளுறத ஒரு தடவ பாத்துட்டேன். இனியும் போனேன்னு கேட்டா கப்பல்ல ஏத்தி மாமன் வீட்டுக்கு அனுப்பிருவேன், கேட்டியா?"

கேட்டேன். போய்க்கொண்டும் இருந்தேன். அம்மா மதியம் உறங்கும் இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

அங்கே என் தோழன் மர்ஜான். அரபியில் பவளம் என்று அர்த்தம். அவனுடைய அப்பா குவைத்தில் ஒரு எண்ணெய்க் கிணற்றில் வேலையாக இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் அவனும் அவன் அம்மாவும்தான். தெருவின் கடைசியில், மற்ற வீடுகளை விட்டுத் தள்ளித் தனியாக நின்ற வீடு அவர்களுடையது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கிடங்கின் பின்சுவர். மர்ஜான் எனக்கு அரபியும், அரபி எண்களும் கற்றுக்கொடுத்தான். ஈர மணலில் விரலால் எழுதுவான். அலை வந்து அழித்ததும் நான் அதைத் திரும்ப எழுத வேண்டும். என் கையெழுத்து அவனுடையதைவிட நன்றாக இருந்ததை அவனே ஒப்புக்கொண்டான்.

அந்தத் தெருவில் நான் கண்டவற்றில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு அவர்கள் கொட்டடித்து ஆடுவார்கள். ஒரு பெரியவர் இடுப்பில் கச்சை ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவார். நூற்றுக்கணக்கான காய்ந்த ஆட்டுக் குளம்புகளை நெருக்கமாகக் கோத்த கச்சை. அவர் இடுப்பை அசைத்தால் குளம்புகள் ஒன்றோடொன்று மோதும். முதல் தடவை கேட்டபோது நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மழை என்று நினைத்துவிட்டேன். நாகர்கோவிலில் ஓட்டுக்கூரைமேல் ஐப்பசி மழை முதலில் இறங்கும்போது அப்படித்தான் கேட்கும். மழையே இல்லாத ஊரில் ஒரு மனிதர் தன் இடுப்பிலிருந்து மழை பெய்தார். பெண்கள் வாய்விட்டுப் பாடினார்கள். சில சொற்கள் அரபி. சில சொற்கள் என்னவென்று மர்ஜானுக்கும் தெரியாது. அவன் அம்மாவுக்கும் தெரியாதாம். தாத்தா பாடினார், அதனால் பாடுகிறோம் என்றாள். என் கைகளில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. எங்கள் சபையில் போதகர் பரலோகத்தை வர்ணித்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

இன்னொன்று. அங்கே யாரும் என் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அம்மா அப்பிய பவுடரைப் பார்த்துத்தான் மர்ஜானின் அம்மா ஒரு நாள் சிரித்தாள். "மகனே, மாவு மூட்டைக்குள்ள விழுந்துட்டியா?" என்று கேட்டுத் தன் தலைத்துணியின் நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அந்த வருடம் கோடை தொடங்கியதும் மர்ஜானின் அம்மா வீட்டை அவிழ்த்தாள். கோடையில் அந்தத் தெருவில் பலர் அல் ஐன் பக்கத்துத் தோப்புகளுக்குப் பேரீச்சை பறிக்கப் போவது வழக்கம். கூலி பாதி பணமாகவும் பாதி பழமாகவும் வரும். போகும்போது சுவர்த் தட்டிகளையும் கூரைத் தட்டிகளையும் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், தோப்பில் அதே தட்டிகளால் குடிசை போட்டுக்கொள்வார்கள். குளிர் எட்டிப் பார்க்கும்போது திரும்பி வந்து மறுபடியும் கட்டுவார்கள். ஊரில் கழிகள் மட்டும் நிற்கும்.

ஒரே மதியத்தில் அவள் அதைச் செய்து முடித்தாள். ஒவ்வொரு முடிச்சையும் அவள் விரல்கள் அறிந்திருந்தன. வெட்டவில்லை, இழுக்கவில்லை. தொட்டதும் நார்க்கயிறு தானே விட்டுக்கொடுத்தது. நான் உட்கார்ந்து ரொட்டி தின்ற அறை சுருண்டு ஒரு கட்டாகித் தோளில் ஏறியது. ஒரு வீடு லாரி ஏறி ஊருக்குப் போவதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

லாரி கிளம்பும் முன் அவள் என்னைக் கூப்பிட்டாள். அங்கே யாரிடமும் பட்டா, பத்திரம் கிடையாது. ஒரு வீடு யாருடையது என்று கேள்வி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அதுதான் பத்திரம். இவர்களுக்கோ பக்கத்து வீடு இல்லை.

"இந்தக் கெடங்குச் சுவரு பேசாது. கடலும் பேசாது," என்றாள். "நீதான் எங்க பக்கத்து வீடு. யாராவது கேட்டா மர்ஜான் வீடுன்னு சொல்லு."

"பவுடர் போட்டிருந்தாலும் சொல்லணும்," என்றான் மர்ஜான் லாரிமேலிருந்து.

நான் சொல்கிறேன் என்றேன். என்னை ஒரு வீடு என்று ஒருவர் சொன்னதில் எனக்குப் பெருமை தாளவில்லை.

அவர்கள் போய் மூன்று வாரம் இருக்கும். துறைமுகத்துக்குச் சாலை போடுவதற்காக அந்தக் கடலோரத் தெரு முழுவதையும் அரசு எடுத்துக்கொள்வதாக முடிவானது. பாலைவனத்துக்குள் வெகு தூரம் தள்ளி சிமெண்டு வீடுகள் கட்டியிருந்தார்கள். யாருக்கு இங்கே வீடு இருந்ததோ அவர்களுக்கு அங்கே ஒரு வீடு. தெருவைக் கணக்கெடுக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. படத்தில் வீடுகளைக் குறிப்பது அவர். பெயர் எழுத வேறு ஊரிலிருந்து ஓர் அரபிக் கிளார்க் வந்திருந்தார். கதவிலோ கழியிலோ சிவப்புப் பெயிண்டில் எண் எழுத ஓர் ஆள் வேண்டும். அப்பாவுக்கு அரபி எண்கள் வராது.

"இவனுக்கு நல்லா வருது," என்று அம்மாவே சொன்னாள். எப்படி வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை. அப்பாவுக்குத் துணையாகப் போவதால் வெயிலுக்கும் அனுமதி கிடைத்தது. பவுடர் மட்டும் இரட்டிப்பானது.

அந்த நான்கு நாட்கள் நான் தரையில் நடக்கவில்லை. அப்பா, அளவெடுக்கும் தியோடலைட்டின் குழாய் வழியாக என்னைப் பார்க்கவிட்டார். பழைய கருவி அது. உலகத்தைத் தலைகீழாகத்தான் காட்டும். அந்தத் தெரு முழுவதும் மேலே மண்ணும் கீழே ஆகாயமுமாகத் தொங்கியது. பெண்கள் தலைகீழாகக் குடம் சுமந்து நடந்தார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. பிறகு நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவேன். எண் எழுதுவதற்கு முன்னால் அது வெறும் ஓலை வீடு. எழுதி முடித்ததும் கிளார்க் தன் பெரிய புத்தகத்தில் அதை ஏற்றிக்கொள்வார். என் கையால் எழுதிய பிறகே ஒரு வீடு இருப்பதாக அரசாங்கம் ஒப்புக்கொண்டது. பெரியவர்கள் வாசலில் மரியாதையாக நின்று நான் எழுதுவதைப் பார்த்தார்கள். எனக்குக் காபி கொடுத்தார்கள். ஆள் இல்லாமல் கழிகள் மட்டும் நின்ற இடங்களில் கிளார்க் பக்கத்து வீட்டில் கேட்பார். அவர்கள் பெயர் சொல்வார்கள். நான் கழியில் எண் போடுவேன். அந்தக் கிளார்க் நேர்மையானவர். ஒரு சொல் போதும் அவருக்கு.

நான்காம் நாள் மதியம் கடைசி வீட்டுக்கு வந்தோம். பன்னிரண்டு கழிகள் நின்றன. நடுவில் மணல் மேடிட்டிருந்தது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நாகர்கோவில் பக்கம் கூரை போன வீடு என்றால் கைவிட்ட வீடு. அவர் அப்படித்தான் பார்த்தார்.

"எலே, இதுல ஆளு உண்டா? இல்ல படகு கெட்டுறதுக்கு நாட்டி வச்சிருக்கானுவளா?"

நான் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கிளார்க் என்னைக் காட்டி அப்பாவிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். நான்கு நாட்களாக நான் யார் என்று அவர் கேட்டிருக்கவில்லை. "இந்தப் பையன் இந்தத் தெருவுப் பையன்தானே? இவனுக்குத் தெரியுமே."

 அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"மேரா லட்கா, சாப். மேரா லட்கா," என்றார். என் மகன், என் மகன் என்று இரண்டு முறை சொன்னார்.

கிளார்க்குக்குச் சங்கடமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கும் விதமாக என் கன்னத்தைத் தட்டினார். விரலில் ஒட்டிய பவுடரைப் பார்த்துக்கொண்டே அரபியில் மெதுவாகக் கேட்டார்: "இது யார் வீடு, தம்பி?"

"மாஃபி," என்றேன்.

இல்லை என்று அர்த்தம். யாரும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். அவர் புத்தகத்தில் ஒரு கோடு இழுத்தார். வெயில் தலைக்குமேல் இருந்தது. வேலை முடிந்துவிட்டது. அப்பா படத்தைச் சுருட்டினார்.

பல வருடங்கள் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிவந்தேன். மர்ஜான் வீடு என்று சொல்லியிருந்தால் நான் அங்கே போய்வந்தது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அம்மா என்னைக் கப்பலில் ஏற்றியிருப்பாள், பயத்தில் சொன்னேன் என்று. பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்தது பயம் இல்லை. நீ அவர்களில் ஒருவனா என்று ஒருவர் கேட்டார். அப்பாவுக்கு அது இழிவாகப் பட்டது. எனக்கும் பட்டது. அவர்களை எனக்குத் தெரியாது என்று காட்ட எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அது கையருகே கிடந்தது.

குளிர் தொடங்கும் சமயம் லாரி திரும்பி வந்தது. எனக்கு அது தெரிந்தது, அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டபோதுதான்.

"யாருலே அது? கூடையோட நம்ம வாசல்ல நிக்கிறா."

மர்ஜானின் அம்மா. பக்கத்தில் மர்ஜான், ஒரு கோடையில் என்னைவிடக் கால் முழம் வளர்ந்திருந்தான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கதவைப் பாதி திறந்து, திறந்த பாதியில் என்னை நிறுத்தினாள். இரண்டு பெண்களுக்கும் பொதுவான பாஷை ஒன்றுமில்லை, என்னைத் தவிர.

மர்ஜானின் அம்மா அவசரமில்லாமல் பேசினாள். "உங்க அம்மாகிட்ட சொல்லு மகனே. நாங்க தோப்புக்குப் போயிருந்தோம். புத்தகத்துல எங்க வீடு இல்லையாம். தெருவுல எல்லாரும் போய்ச் சொல்லிப் பாத்துட்டாங்க. கிளார்க் என்ன சொல்றாருன்னா, அளந்தவர் வந்து எழுதிக் குடுத்தா சேத்துக்கலாம், இல்லாட்டி முடியாது. உங்க அப்பா வந்து எங்க கழியில ஒரு நம்பர் போட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்." பிறகு சொன்னாள்: "ஒன்ன யாரும் கேக்கல போலிருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்ப."

மர்ஜான் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"பேரீச்சம்பழம்," என்றேன். "அவங்க தோட்டத்துல பறிச்சதாம். தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் குடுக்காங்களாம்."

"நம்மள எப்படித் தெரியும்?"

"அப்பா வீடு அளக்கப் போனாருல்லா."

"சும்மாவா குடுக்கா?"

"சும்மாதான்."

அம்மா கதவின் மறுபாதியையும் திறந்தாள். கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பழங்களைப் பாத்திரத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. மர்ஜானின் அம்மா வாசலில் நிமிர்ந்து நின்றிருந்தாள். அவள் கண்கள் உள் கதவிலேயே இருந்தன. உள்ளே அம்மா தனக்குத்தானே பேசுவது கேட்டது: "வெறும் பாத்திரம் குடுத்து விடப்படாது. என்னத்தப் போட?" அலமாரி திறந்தது. அம்மா வரும்போது கூடையில் காகிதத்தில் சுற்றிய சர்க்கரை இருந்தது, இரண்டு கிலோவுக்குக் குறையாது. மாதத்துக்கு வாங்கி வைத்ததில் பாதி.

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போது வந்ததை நான் என்னவென்று சொல்வேன்? கூடையின் கனத்தைக் கையால் உணர்ந்தாள். காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் தோளைப் பிடித்துத் தலையில் முத்தமிட்டாள், இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மறுபடி மறுபடி சொன்னாள். இரண்டு கிலோ சர்க்கரைக்கு ஒரு மனுஷி இத்தனை மகிழ முடியும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. போகும்போது மர்ஜான் இரண்டு தடவை திரும்பிக் கை காட்டினான்.

 அம்மா கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். துடைக்கவில்லை.

"நல்ல பொம்பளல்லா," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டே, "அந்தப் பய ஒன் வயசுதான இருப்பான்? வேணும்னா நம்ம முத்தத்துல வந்து வெளையாடச் சொல்லு. வெயில்ல வேண்டாம்."

இதை எழுதுவதைத்தான் நான் இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டேன். அன்று சாயங்காலமே கப்பலும் மாமன் வீடும் இல்லாமல் போய்விட்டன. அப்பா வந்ததும் சொல்லியிருக்கலாம். "அது மர்ஜான் வீடுப்பா" என்ற ஒரு வரி. அப்பா கோபக்காரர் இல்லை. எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போயிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் நான் சொன்ன மாஃபியையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே அப்பா பழம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். நானும் தின்றேன். அவள் சந்தோஷமாகப் போய்விட்டாள், விஷயம் எப்படியோ முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மர்ஜானை முற்றத்துக்கு நான் கூப்பிடவும் இல்லை, அந்தத் தெருப்பக்கம் போகவும் இல்லை.

பதினைந்து நாள் கழித்து இயந்திரங்கள் வந்தன. காலையிலேயே தெரு முழுக்க லாரிகள் நின்றன. நான் கிடங்கின் மூலையில் மறைந்து நின்று பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு வீட்டைவிடப் பெரிதாக இருந்தது அந்த இயந்திரம். அது வருவதற்கு முன்னால் தரை நடுங்கியது. நான் எழுதிய எண்கள் இருந்த கதவுகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். பெண்கள் அலறி அழுதார்கள். குளம்புக் கச்சை கட்டி ஆடிய பெரியவர் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை அணைத்துக்கொண்டு எந்த லாரியில் ஏறுவதென்று தெரியாமல் அங்குமிங்கும் நடந்தார். ஒருவர் தன் கழியைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தார், அடுத்தவர் கையால் போகக் கூடாதென்று.

கடைசி வீட்டில் மட்டும் எந்தச் சலனமும் இல்லை. மர்ஜானின் அம்மா தட்டிகளைத் திரும்பக் கட்டவில்லை. கட்டாக அடுக்கி வைத்திருந்தாள். கழிகளுக்கு நடுவே மணலைப் பெருக்கிப் பாய் விரித்திருந்தாள். பெருநாளைக்கு உடுத்தும் பச்சை உடுப்பை உடுத்தியிருந்தாள். முன்னால் காபிக் கெண்டி, கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள். மர்ஜான் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி அவள் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் உலகம் சரிந்துகொண்டிருந்தது. அவள் முதுகு வளையவில்லை. அழுதுகொண்டு போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னாள். இயந்திரம் கூப்பிடு தூரத்துக்கு வந்தபோதும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுபோன்ற ஒரு தைரியத்தை நான் கண்டதில்லை. பைபிளில் சிங்கக் குகைக்குள் உட்கார்ந்திருந்தவரை நினைத்துக்கொண்டேன். நான் முன்னால் போகவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்: "எல்லாரும் அழுதாவ. பழம் கொண்டு வந்த மர்ஜானுக்க அம்மா மட்டும் அழவே இல்லம்மா."

"அவளுக்கு நெஞ்சுரம் கூடுதல்," என்றாள் அம்மா. அம்மாவும் அவளை மெச்சினாள். அடுத்த வருடம் என்னை நாகர்கோவிலில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள்.

நான் என்ஜினியராகித் திரும்பி வந்து அந்த ஊரிலேயே சில காலம் வேலை பார்த்தபோது பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் சுத்தமான கோடுகள். தெருக்கோடியில், கிடங்குக்கும் கடலுக்கும் நடுவே, வெள்ளைத் தாள். அந்தத் தெருவில் இருந்த கிழவர் ஒருவரைச் சிமெண்டு வீடுகளின் பக்கம் சந்தித்தேன். மர்ஜானைப் பற்றிக் கேட்டேன். குவைத்துக்குப் போனார்களோ, அங்கிருந்து எங்கே போனார்களோ, தெரியாது என்றார். அப்புறம் தானாகவே சொன்னார். ஆட்சியாளரின் மஜ்லிஸ் என்னும் சபை அந்த நாட்களில் எல்லாருக்கும் திறந்திருந்தது. யாரும் போய் முறையிடலாம். போ, நாங்களும் கூட வருகிறோம் என்று தெருவே அவளிடம் சொன்னதாம். அவள் வேண்டாம் என்றாளாம். எங்கள் தெருவில் ஒன்று கேட்டு ஒரு வீட்டுக்குப் போனால், இல்லை என்பதற்குப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பும், சரி என்பதற்கு நிறைந்து திரும்பும் என்றார் கிழவர். "அந்த ஹிந்தியின் மனைவி சர்க்கரையே கொடுத்தாள். அப்புறம் எதற்கு மஜ்லிஸ் என்று மர்ஜானின் அம்மா எங்களைக் கேட்டாள்." இந்தியரை அங்கே ஹிந்தி என்பார்கள். அந்த ஹிந்தி யாரென்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு முப்பது வருடம் நான் எத்தனையோ தெருக்களை அளந்தேன், காலி செய்த நாட்களில் கூட நின்றேன். வீடு போய்விட்டது என்று அறிந்தவர்கள் உட்காருவதில்லை. எதையாவது தூக்குவார்கள், கீழே வைப்பார்கள், வளைந்த ஆணியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். நல்ல உடுப்பு உடுத்தி, பாதையைப் பார்த்து, அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. ஆள் வருவார் என்ற சொல்லை நம்பியவர்கள் அப்படி உட்காருவார்கள். பத்து வயதில் கிடங்கு மூலையிலிருந்து பார்த்தபோது எனக்கு அது தைரியமாகத் தெரிந்தது. அவள் என் அப்பா பெயிண்ட் டப்பாவோடு வரும்வரை காபி ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.